முழு மயக்கத்தில் சிசேரியன்: தாயின் சிறுநீரகத்தைக் காப்பது எப்படி?

அறுவை முடிந்து தாயை வார்டுக்கு மாற்றியதும், கட்டிலின் ஓரத்தில் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் உறவினர்கள் முதலில் பார்க்கிறார்கள். பையில் நீர் குறைவாக இருந்தால், "டாக்டரம்மா, வாயு கொடுத்து மயக்குனீங்களே, அதுதான் எம் மருமக கிட்னியைப் பாதிச்சிருச்சா?" என்று தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ வந்த மாமியார் ஒருவர் கேட்பார். இராமநாதபுரம் கடற்கரையில் மயக்க மருத்துவராகப் பணியாற்றும் நான் இந்தக் கேள்வியைப் பலமுறை எதிர்கொண்டிருக்கிறேன். கேள்வி நியாயமானது. சுவாச வழியாகச் செலுத்தும் மயக்க மருந்து, ஒரு மணி நேர சிசேரியனில், தன் வேதித் தன்மையால் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால் அதை அளவறியாமல் கொடுத்தால் இரத்த அழுத்தம் இறங்கும், கருப்பை சுருங்காமல் இரத்தம் போகும், இந்த இரண்டின் வழியாகவும் சிறுநீரகம் அடிபடும். எனவே மருந்தைக் கண்டு அஞ்சுவதைவிட, அதன் அளவைக் கையாளும் முறையைக் கற்பது முக்கியம். இந்த வழிகாட்டியைக் கடற்கரை ஊர்களின் மருத்துவமனைகளில் பணியைத் தொடங்கும் இளம் மயக்க மருத்துவர்களுக்காகவும், அவர்களுடன் நிற்கும் செவிலியர்களுக்காகவும் எழுதுகிறேன். எந்த அளவையும் நோயாளியின் எடைக்கும் நிலைக்கும் ஏற்ப மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

வாயுவின் மீதான அச்சம் எங்கிருந்து வந்தது

இந்த அச்சத்துக்கு உண்மையான வரலாறு உண்டு. 1960இல் புழக்கத்துக்கு வந்த மெத்தாக்சிஃப்ளூரேன் என்னும் மருந்து பிரசவ வலிக்கும் அறுவைக்கும் விரும்பிக் கொடுக்கப்பட்டது. 1966இல், அதைப் பெற்ற நோயாளிகள் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததாக அறிக்கை வெளிவந்தது. அவர்களுக்கு நீர் குறையவில்லை, மிகுதியாகப் போயிற்று; சிறுநீரைச் செறிவாக்கும் திறனைச் சிறுநீரகம் இழந்துவிட்டதால், உடல் வற்றிக்கொண்டே வந்தது, இரத்தத்தில் கழிவுகள் ஏறிக்கொண்டே போயின. அந்த மருந்தின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி உடலுக்குள்ளேயே சிதைந்து ஃப்ளூரைடை வெளியிடுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு லிட்டர் இரத்த நீரில் ஃப்ளூரைடு 50 மைக்ரோமோலைத் தாண்டினால் ஆபத்து என்ற எல்லைக்கோடும் அந்த ஆய்வுகளிலிருந்தே பிறந்தது. பையில் நீர் நிறைந்திருப்பதாலேயே சிறுநீரகம் நலமாக உள்ளது என்று எண்ணக் கூடாது என்பதையும் இந்த மருந்து நமக்கு உணர்த்தியது.

பிறகு செவோஃப்ளூரேன் வந்தது. 1990இல் ஜப்பானில் பயன்பாட்டுக்கு வந்த இதுவும் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு உட்பட்ட அளவில் சிதைந்து ஃப்ளூரைடைத் தருகிறது. நீண்ட அறுவைகளில் அந்த 50 என்ற கோட்டைத் தாண்டுவதும் உண்டு. ஆனாலும் மெத்தாக்சிஃப்ளூரேன் செய்த கேட்டை இது செய்யவில்லை. மெத்தாக்சிஃப்ளூரேன் கொழுப்பில் தேங்கி நாள்கணக்கில் மெல்ல வெளியேறியது. சிறுநீரகத்தின் உள்ளேயே சிதைந்து, அங்கேயே ஃப்ளூரைடை விட்டது. செவோஃப்ளூரேன் பெரும்பாலும் கல்லீரலில் சிதைகிறது, மருந்தை ஆவியாக்கித் தரும் வேப்பரைசரின் டயலை மூடியதும் மூச்சோடு விரைவாக வெளியேறிவிடுகிறது. இதே வகை ஆவி மருந்துகளில், ஐசோஃப்ளூரேனில் சிதைவது நூற்றுக்கு 0.2 பங்கு, டெஸ்ஃப்ளூரேனில் 0.02 பங்கு. ஹாலோதேன் ஐந்தில் ஒரு பங்கு சிதைந்தாலும், அது தரும் தொல்லை கல்லீரலுக்குத்தான். சிசேரியனில் அதற்குரிய பெரிய குறை, கருப்பையை அது மிகவும் தளர்த்திவிடுவதாகும். நைட்ரஸ் ஆக்சைடு சிறுநீரகத்தைத் தொடுவதே இல்லை.

செவோஃப்ளூரேன் பற்றி எஞ்சும் ஐயம் 'காம்பவுண்ட் ஏ' என்ற பொருளைப் பற்றியது. மயக்கக் கருவியில் கரியமில வாயுவை உறிஞ்ச வைத்திருக்கும் சோடா லைமில் உள்ள வலுவான காரங்களோடு செவோஃப்ளூரேன் வினைபுரியும்போது இது உண்டாகிறது. எலிகளின் சிறுநீரகத்தை இது சிதைத்தது. மனிதரின் சிறுநீரகத்தில் இந்தப் பொருளை நச்சாக மாற்றும் நொதியின் செயல் எலியைவிட மிகக் குறைவு என்பதால், அதே கேடு மனிதரிடம் காணப்படவில்லை. ஆயினும் அமெரிக்க மருந்துக் குறிப்பில், வாயுவோட்டத்தை நிமிடத்துக்கு 1 லிட்டருக்குக் கீழே இறக்க வேண்டாம் என்றும், 1 முதல் 2 லிட்டருக்குள் ஓட்டும்போது மொத்த அளவு 2 மேக்-மணியைத் தாண்ட வேண்டாம் என்றும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. மேக் என்பது, தோலைக் கீறும்போது பாதிப்பேர் அசையாமல் இருக்கப் போதுமான மருந்துச் செறிவு; அதை மணி நேரத்தால் பெருக்கினால் மேக்-மணி. சிசேரியனில் சுமார் முக்கால் மேக் அளவில் ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு மேக்-மணிகூட ஆகாது. கணக்கு இப்படி இருக்க, சிறுநீரகத்தைச் சாக்காகச் சொல்லி செவோஃப்ளூரேனை ஒதுக்கத் தேவையில்லை என்பதே என் முடிவு. ஓட்டத்தை 2 லிட்டரில் வைத்தால் மருந்துக் குறிப்பின் எல்லைக்குள்ளேயே நிற்கலாம். உறிஞ்சும் திறன் தீரும்போது சோடா லைமின் நிறம் மாறும், அதை ஒவ்வொரு அறுவைக்கு முன்பும் பாருங்கள். இரவெல்லாம் ஆக்சிஜன் ஓட்டத்தை மூட மறந்துவிட்டால் அது காய்ந்துபோகும்; காய்ந்த சோடா லைம் செவோஃப்ளூரேனோடு சேர்ந்து சூடேறும், டெஸ்ஃப்ளூரேன், ஐசோஃப்ளூரேன் ஆகியவற்றோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அப்படி மறந்த மறுநாள் காலையில், நிறம் நன்றாக இருந்தாலும், சோடா லைமை மாற்றிவிடுங்கள்.

அறுவைக்கு முன்: கேட்க வேண்டியவையும் பார்க்க வேண்டியவையும்

கருவுற்ற பெண்ணின் சிறுநீரகம் வழக்கத்தைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு இரத்தத்தை வடிகட்டுகிறது. அதனால் அவருடைய கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டி நீக்கும் கழிவுப்பொருள்) டெசிலிட்டருக்கு 0.4 முதல் 0.8 மில்லிகிராமுக்குள்தான் இருக்கும். இதை நாம் மனத்தில் பதித்துக்கொள்வது மிக அவசியம். ஏனெனில் ஆய்வகத் தாளில் அச்சிடப்பட்ட 'இயல்பு அளவு' கருவுறாதவர்களுக்கு உரியது. கர்ப்பத்தின் இடையில் 0.5 ஆக இருந்த ஒரு பெண்ணுக்கு அறுவைக்கு முன் 0.9 வந்தால், தாளில் அது இயல்பு. உண்மையில் ஏறத்தாழ இரு மடங்கு ஏற்றம், அதாவது சிறுநீரகக் காயம் தொடங்கிவிட்டது. 1.1ஐத் தாண்டினால், உயர் இரத்த அழுத்தம் உள்ள தாயிடம் அது கர்ப்பகால நச்சு (ப்ரீஎக்ளாம்ப்சியா) முற்றிவிட்டதற்கான அடையாளங்களுள் ஒன்று. எனவே தாய்-சேய் நல அட்டையைப் புரட்டி, முந்தைய மாதங்களின் கிரியாட்டினினைத் தேடுங்கள். ஒற்றை எண்ணைவிட இரண்டு எண்களின் இடைவெளி அதிகம் பேசும்.

உறவினரிடம் பேசும்போது ஒரு சொல்லில் கவனம் தேவை. நம் ஊர்களில் "உப்பு" என்றால் பல பொருள். "யூரின்ல உப்பு இறங்குது" என்றால் சிறுநீரில் புரதம். "உப்பு கூடியிருக்கு" என்றால் பெரும்பாலும் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. "உப்பு நீர்" என்றால் காலிலும் முகத்திலும் உள்ள வீக்கம். கிராம சுகாதார செவிலியர் சொன்னதை மாமியார் மறுபடி சொல்லும்போது மூன்றும் ஒன்றாகிவிடும். அவர்கள் சொல்வதை நம்புங்கள், ஆனால் எந்த உப்பு என்பதை அட்டையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்துத் தண்ணீர். குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கி வெகுதூரம் சென்று நல்ல தண்ணீர் கொண்டுவரும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கின்றன. அத்தகைய வீட்டில் பெண் தனக்கென்று குடிக்கும் அளவு குறைவு. கழிப்பிட வசதி இல்லாத இடத்தில் வேண்டுமென்றே குறைத்துக்கொள்கிறார்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துப் பெண்ணும், பாம்பன் பக்கத்தில் கடற்பாசி எடுக்கும் குடும்பத்துப் பெண்ணும் வெயிலில் வற்றிய உடலோடுதான் பல நேரம் நம்மிடம் வருகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களிலிருந்து ரமலான் மாதத்தில் வருபவரிடம் நோன்பு வைத்திருந்தாரா என்று மரியாதையோடு கேளுங்கள். இவற்றின் மேல் நாமும் "ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் வேண்டாம்" என்று சொல்லி, மறுநாள் நண்பகலில் அறுவைக்கு எடுத்தால், பதினான்கு மணி நேர வறட்சியோடு அந்தச் சிறுநீரகம் மேசைக்கு வருகிறது. திட உணவுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். தண்ணீரும் பால் சேர்க்காத தேநீரும் இரண்டு மணி நேரம் முன்புவரை, பிரசவ வலியோ வேறு சிக்கலோ இல்லாத திட்டமிட்ட அறுவைக்குக் கொடுக்கலாம். இதை வார்டுச் சகோதரிகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது மயக்க மருத்துவரின் வேலை.

வலிக்காக மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரை எதையாவது சாப்பிட்டாரா, ஜெண்டாமைசின் ஊசி போடப்பட்டதா, நாட்டு மருந்து எடுத்தாரா என்றும் கேளுங்கள். இரத்த அழுத்தம் கூடியவருக்குத் தட்டணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல் நொதிகள், பொட்டாசியம் ஆகியவை தேவை. சிறுநீரின் நிறத்தை நீங்களே பாருங்கள். பால் கலக்காத தேநீர் போலக் கருஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணுக்கள் உடைகின்றன என்று எண்ண வேண்டும். அத்தகைய தாய்க்கு, இரத்த வங்கியோடு பேசாமல் அறுவையைத் தொடங்கலாகாது.

மயக்கம் கொடுக்கும் முறை

பெரும்பாலான சிசேரியன்களுக்கு முதுகில் போடும் ஊசியே சிறந்தது. சிறுநீரகத்துக்கும் அதுவே நல்லது, அழுத்தம் இறங்காமல் பார்த்துக்கொண்டால். வலிப்பு வந்து நினைவு தெளியாத தாய், தட்டணு மிகவும் குறைந்தவர், நஞ்சுக்கொடி பிரிந்து இரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவர், தொப்புள்கொடி முன்னால் வந்துவிட்ட அவசரம், முதுகு ஊசி பலிக்காத நிலை ஆகியவற்றில் முழு மயக்கம் தேவைப்படுகிறது. இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று புரியும்: முழு மயக்கம் பெறும் தாய்மாரில் பலருக்கு அவர்கள் மேசைக்கு வருமுன்பே சிறுநீரகம் அடிபட்டிருக்கிறது. பிறகு கிரியாட்டினின் ஏறும்போது வாயுவின் தலையில் பழி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேசையில் படுத்ததும் இடப்பக்கமாகச் சுமார் 15 பாகை சாய்த்துவிடுங்கள், அல்லது வலது இடுப்பின் கீழ் ஒரு மடித்த துணியை வையுங்கள். கருப்பை பெருநாளங்களை அழுத்துவதை இது குறைக்கும். இதய வரத்து குறைந்தால் சிறுநீரக இரத்தமும் குறையும். ஆக்சிஜன் கொடுத்த பிறகு, மயங்கவைக்கத் தயோபென்டோன் அல்லது புரோப்போஃபால் ஊசி; இரத்தப்போக்கில் இருப்பவருக்குக் கெட்டமின், கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவில். அழுத்தம் உச்சத்தில் இருப்பவருக்குக் கெட்டமினைத் தவிர்த்து, மூச்சுக்குழாய் போடும்போது அழுத்தம் எகிறாமல் இருக்க லேபெட்டலாலை முன்பே கொடுங்கள். தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் இரத்தப் பொட்டாசியத்தை லிட்டருக்கு ஏறக்குறைய 0.5 மில்லிமோல் உயர்த்தும், ஏற்கெனவே 5.5ஐத் தாண்டியவருக்கு அதை விட்டுவிட்டு ரோக்குரோனியத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகான தசைத் தளர்வுக்கு அட்ராக்கூரியம் பொருத்தமானது, ஏனெனில் அது இரத்தத்தில் தானாகவே சிதைகிறது. அதை வெளியேற்றச் சிறுநீரகத்தின் தயவு தேவையில்லை. வலிப்பைத் தடுக்கும் மக்னீசியம் ஓடிக்கொண்டிருந்தால் அட்ராக்கூரியத்தின் அளவைக் குறைத்து, நரம்புத் தூண்டியால் சோதித்தபின் அடுத்த அளவைக் கொடுங்கள்.

இப்போது டயல். கர்ப்பத்தில் மேக் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பாடநூல்கள் சொல்வதை அப்படியே பிடித்துக்கொண்டு டயலை மிகவும் இறக்கிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. பிரிட்டனில் 2014இல் வெளியான நாடளாவிய தணிக்கை, முழு மயக்க சிசேரியனில் ஏறத்தாழ 670 பேருக்கு ஒருவர் அறுவையின்போது உணர்வோடு இருந்ததாகக் காட்டியது. தசை தளர்ந்து, அசைய முடியாமல், கத்தியின் வேலையைக் கேட்டுக்கொண்டு கிடப்பதைவிடக் கொடியது வேறில்லை. குழாய் போட்ட முதல் சில நிமிடங்களுக்கு வாயுவோட்டத்தை 6 லிட்டருக்குக் குறையாமல் வைத்து, செவோஃப்ளூரேனை 2 சதவீதத்துக்குச் சற்று மேலாகத் தொடங்கி, மூச்சில் வெளிவரும் அளவு முக்கால் மேக்கைத் தொட்டதும் 1 முதல் 1.5 சதவீதத்துக்கு இறக்குங்கள். ஐசோஃப்ளூரேன் என்றால் 0.6 முதல் 0.8 சதவீதம். கூடவே பாதி நைட்ரஸ், பாதி ஆக்சிஜன். மூச்சின் மருந்தளவைக் காட்டும் கருவி இல்லாத இடத்தில் டயலின் எண்ணையும் ஓட்டத்தின் அளவையும் சேர்த்துப் பார்த்துக் கணிக்க வேண்டும். ஓட்டம் குறைந்தால் டயல் காட்டும் எண்ணும் நோயாளி பெறும் அளவும் ஒன்றாக இராது.

இந்த அளவில் வாயு சிறுநீரகத்துக்கு என்ன செய்கிறது? நாளங்களைத் தளர்த்தி அழுத்தத்தைச் சற்று இறக்குகிறது. அதனால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தமும் வடிகட்டுதலும் குறைகின்றன, நீர் பிரிவதும் குறைகிறது. அறுவையின் அதிர்ச்சியால் சுரக்கும் நீர்காப்புச் சுரப்பு இதை மேலும் குறைக்கிறது. செயற்கைச் சுவாசத்தின் அழுத்தமும் தன் பங்கைச் செய்கிறது. இவை அனைத்தும் மயக்கம் தெளிந்த சில மணி நேரத்தில் மாறிவிடுபவை. சராசரி அழுத்தம் ஏறக்குறைய 80 முதல் 180 வரை இருக்கும்வரை சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்தைத் தானே சீராக்கிக்கொள்ளும் என்பது பழைய பாடம். நடைமுறையில் 65க்குக் கீழே போகவிடாதீர்கள்; ஏற்கெனவே அழுத்தம் கூடியவருக்கு, அவருடைய வழக்கமான அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கவிடாதீர்கள். 170/110இல் வந்த தாய்க்கு 100/60 என்பது நமக்கு அழகான எண்ணாகத் தோன்றும், அவருடைய சிறுநீரகத்துக்கு அது பஞ்சம். இறங்கினால் முதலில் டயலையும் இரத்தப்போக்கையும் பாருங்கள், பிறகு ஃபினைல்எஃப்ரின் 50 முதல் 100 மைக்ரோகிராம், அல்லது மெஃபென்டர்மின் 3 முதல் 6 மில்லிகிராம் கொடுங்கள். கர்ப்பகால நச்சு உள்ளவருக்கு இவற்றின் சிறு அளவே போதும்.

குழந்தை வெளியே வந்த பிறகு

சிறுநீரகத்தின் கதி பெரும்பாலும் தீர்மானிக்கப்படுவது இந்தப் பத்து நிமிடங்களில்தான். எல்லா ஆவி மயக்க மருந்துகளும் அளவுக்கேற்பக் கருப்பையைத் தளர்த்துகின்றன. ஒரு மேக்கை நெருங்கும்போது, சுருங்கவைக்கும் மருந்தான ஆக்சிடோசினுக்குக் கருப்பை செவிசாய்ப்பது குறைகிறது. எனவே தொப்புள்கொடியில் கிளிப் விழுந்ததும் டயலை அரை மேக் அளவுக்கு இறக்கி, நைட்ரஸை 60 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, ஃபென்டனில் அல்லது மார்ஃபினைக் கொடுத்து மயக்கத்தின் ஆழத்தை ஈடுசெய்யுங்கள். மகப்பேறு மருத்துவர் "யூட்ரஸ் தொளதொளன்னு இருக்கு" என்றால், செவோவை மொத்தமாக மூடிவிட்டு புரோப்போஃபால் ஓட்டத்துக்கு மாறுங்கள். தயங்க வேண்டாம்.

ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறிய மருத்துவமனையில், நஞ்சுக்கொடி பிரிந்து வந்த ஒரு தாய்க்குக் குழந்தை பிறந்த பிறகும் ஐசோஃப்ளூரேன் 1.5 சதவீதத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பணியில் இருந்தவர் ஆக்சிடோசினை ஏற்றிக்கொண்டே போனார், கருப்பை சுருங்கவில்லை. உதவிக்கு அழைக்கப்பட்டு நான் போய்ச் சேர்ந்தபோது உறிஞ்சு குடுவை நிறைந்திருந்தது, நாடித்துடிப்பு 140, பையில் ஒரு சொட்டு நீர் இல்லை. டயலை மூடிய சில நிமிடங்களில் கருப்பை இறுகத் தொடங்கியது. ஆனாலும் இழந்த இரத்தத்தின் விலையை அந்தப் பெண்ணின் சிறுநீரகம் செலுத்தியது. மதுரைக்கு அனுப்பி, சில முறை டயாலிசிஸ் செய்து, பல வாரங்களுக்குப் பிறகே நீர் இயல்பாகப் பிரிந்தது. அன்று முதல், குழந்தையின் முதல் அழுகை காதில் விழுந்ததும் என் கை தானாக வேப்பரைசருக்குப் போகிறது.

ஆக்சிடோசினை மெதுவாக, 1 முதல் 3 யூனிட் அளவில் கொடுத்து, பிறகு ஓட்டமாகத் தொடருங்கள். வேகமாகத் தள்ளினால் அழுத்தம் விழும். அது நீர்காப்புச் சுரப்பின் உறவுக்கார மருந்து என்பதால், பெரிய அளவில் ஓடும்போது சிறுநீரைக் குறைக்கும். அதை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் கலந்து லிட்டர் கணக்கில் விட்டால் இரத்தத்தின் சோடியம் இறங்கி வலிப்பு வரக்கூடும், அந்த வலிப்பைக் கர்ப்பகால வலிப்பென்று நாம் தவறாக எண்ணவும் கூடும். ரிங்கர் லாக்டேட்டில் அல்லது நார்மல் சலைனில் கலப்பதே முறை. கருப்பையைச் சுருக்கும் இன்னொரு மருந்தான மெதைல் எர்கோமெட்ரினை அழுத்தம் கூடியவருக்குக் கொடுக்கக் கூடாது. இரத்தப்போக்கு தொடர்ந்தால், பிரசவத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடங்களில்; அரை மணி நேரம் கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு கிராம். இந்த மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால், இரண்டுக்கு மேல் நீளக் கூடாது.

இரத்த இழப்பைக் கண்ணால் மதிப்பிட்டால் எப்போதும் குறைத்தே மதிப்பிடுவோம். குடுவையின் அளவிலிருந்து பனிக்குட நீரைக் கழியுங்கள், நனைந்த துணிகளை எடை போடுங்கள். கூடுதல் எடையின் ஒரு கிராம் ஒரு மில்லிக்குச் சமம். கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தம் மிகுதியாக இருப்பதால், ஒரு லிட்டர் போகும்வரை அழுத்தம் இறங்காமல் நிற்கும். நாடித்துடிப்பு மேல் அழுத்தத்தின் எண்ணை எட்டிப்பிடித்துவிட்டால் நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம். அந்த நிலையில் உப்புநீரை மேலும் மேலும் ஏற்றுவதைவிட இரத்தத்தை வரவழைப்பதே சிறுநீரகத்தைக் காக்கும். இரத்த அளவை ஈடுசெய்ய ஏற்றும் ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் திரவப் பாட்டில் அலமாரியில் இருந்தாலும் கை நீள வேண்டாம். தீவிர நிலையில் உள்ளவர்களுக்கு அது சிறுநீரகத்தைக் கெடுப்பது நிறுவப்பட்டிருக்கிறது.

வார்டில் முதல் 48 மணி நேரம்

நீர் பிரியும் அளவை மணிக்கு ஒருமுறை எழுதுங்கள். எடைக்குக் கிலோவுக்கு அரை மில்லி, அதாவது 60 கிலோ பெண்ணுக்கு மணிக்கு 30 மில்லி. அதற்குக் கீழே போனால் மருந்தைத் தேடுமுன் குழாயைத் தேடுங்கள்: மடங்கியிருக்கிறதா, இரத்தக்கட்டி அடைத்திருக்கிறதா, பை கட்டிலுக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கிறதா. நீர் அடியோடு இல்லை என்றாலோ இரத்தம் கலந்து வந்தாலோ, சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க் குழலிலோ அறுவையின்போது காயம் பட்டிருக்கலாம். மகப்பேறு மருத்துவரை அழைத்து ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்பதில் யாருக்கும் சங்கடம் இருக்கக் கூடாது.

கர்ப்பகால நச்சு உள்ள தாய்க்கு மட்டும் விதி வேறு. அவருக்குப் பிரசவத்துக்குப் பிறகு சில மணி நேரம் நீர் குறைவது வழக்கம். அதைக் கண்டு பதறி டிரிப்பைத் திறந்துவிட்டால், நீர் சிறுநீரகத்துக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். எல்லா ஊசிகளையும் சேர்த்து மணிக்கு 80 மில்லியோடு நிறுத்துங்கள். மூச்சுத் திணறல் இல்லாதபோது, சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசிமைடும் வேண்டாம். மக்னீசியம் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், ஒவ்வொரு அளவுக்கு முன்னும் முழங்கால் அனிச்சை இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 16க்குக் குறையாமல் இருக்கிறதா, நான்கு மணி நேரத்தில் 100 மில்லியாவது நீர் பிரிந்ததா என்று பாருங்கள். அனிச்சை மறைந்தால் அடுத்த ஊசியை நிறுத்துங்கள். மூச்சு தளர்ந்தால் கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் மெதுவாக. அது எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவது நம் வார்டுகளில் ஊறிப்போன பழக்கம். நலமான தாய்க்கு அது நல்ல மருந்துதான். ஆனால் அதிக இரத்தம் இழந்தவர், நீர் குறைந்தவர், கிரியாட்டினின் ஏறியவர், தட்டணு குறைந்தவர் ஆகியோருக்கு அதை எழுதக் கூடாது. சிறுநீரகத்துக்குள் வரும் நாளத்தை விரித்து வைத்திருக்கும் கடைசித் தாங்கலை அது எடுத்துவிடும். பாராசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கு ஒருமுறை, வயிற்றுச் சுவரில் போடும் நரம்பு மரப்பூசி, தேவைக்குச் சிறு அளவில் ஓபியாய்டு ஆகியவை போதும். ஜெண்டாமைசினுக்கும் இதே எச்சரிக்கை.

கிரியாட்டினினை அறுவைக்கு முன்பும், 24 மணியிலும், 48 மணியிலும் பாருங்கள். 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலோ, ஏழு நாள்களுக்குள் முந்தைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானாலோ, ஆறு மணி நேரம் நீர் குறைந்தே இருந்தாலோ அது சிறுநீரகக் காயம். அப்போது அனுப்புவதற்கு நேரம் பார்க்க வேண்டாம். இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் 50 கிலோமீட்டருக்கு மேல், அங்கிருந்து மதுரை மேலும் 100 கிலோமீட்டருக்கு மேல். 2022 முதல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் முதல் பயணத்தோடு பெரும்பாலும் முடித்துக்கொள்ள முடிகிறது. 108 வண்டியில் ஏற்றும்போது கையில் கொடுக்கும் தாளில் இவற்றை எழுதுங்கள்: எந்த மயக்க மருந்து, எவ்வளவு நேரம், எத்தனை சதவீதம், மிகக் குறைந்த இரத்த அழுத்தம் எவ்வளவு, அது எத்தனை நிமிடம் நீடித்தது, எடை போட்டுக் கணக்கிட்ட இரத்த இழப்பு, கொடுத்த திரவம், இரத்தம், மக்னீசியம், டிரானெக்சாமிக் அமிலம், மணிக்கணக்கில் நீரின் அளவு, எல்லாக் கிரியாட்டினின்களும் தேதியோடு. "முழு மயக்கத்தில் சிசேரியன், நீர் இல்லை" என்ற ஒற்றை வரியோடு வரும் தாளை வைத்துக்கொண்டு அங்குள்ளவர் எதையும் பிரித்தறிய முடியாது.

அந்த மாமியாரிடம் நான் சொல்வது இது: "வாயு உங்க மருமக உடம்பவிட்டு மூச்சோடயே போயிருச்சும்மா. ரத்தம் நெறயப் போனதுனால கிட்னி சோர்ந்திருக்கு, ரத்தம் ஏத்துறோம், மணிக்கு மணி நீரைப் பாக்குறோம். நாளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை, நாளை மறுநாள் ஒண்ணு. வீட்டுக்குப் போனப்புறம் கடையில வலி மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க, நாப்பதாம் நாள் கழிச்சு ரத்த அழுத்தமும் உப்பும் பாக்கக் கூட்டிட்டு வாங்க." அந்த நாளை நல அட்டையின் முதல் பக்கத்தில், கிராம சுகாதார செவிலியரின் கண்ணில் படும்படி, தேதியாகவே எழுதித் தருகிறேன்.